பூட்டிய அறைக்கு யார் பொறுப்பு?

சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவே, தாமிரபரணிக் கரையை ஒட்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அங்கே வேலை பார்ப்பவர்கள் மீது நடவடிக்கை பாயும். பாய வேண்டிய இடம் அதுவல்ல.

அந்தப் பள்ளியில் ஓர் அறை. கதவுக்கு மேலே 'உயர்தொழில்நுட்ப ஆய்வகம்' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, 'காலணிகளை வெளியே விடவும்'. வெளியே ஒரு செருப்பும் இல்லை. கதவில் பூட்டு தொங்குகிறது.

கேட்ட பிறகு திறந்து காட்டினார்கள். உள்ளே பத்துக் கணினிகள், பச்சைத் துணி போர்த்தியபடி. விசைப்பலகைகள் வந்த பாலித்தீன் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. மூலையில் யூபிஎஸ். அதன் பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கிறது. சுவரோரம் ஓடும் கேபிளை எலி கடித்திருக்கிறது. கடித்த இடத்தில் செம்பு மின்னுகிறது. பத்துத் திரைகளும் நம்பியிருப்பது ஒரே ஒரு சர்வரை. அது படுத்துவிட்டது. புகார் பதிந்து ஒரு பருவம் முடிந்துவிட்டது. சரிசெய்ய ஆள் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கேட்டோம். "தொட விட மாட்டாவ சார். டெஸ்ட் வச்சா மட்டும் உள்ள விடுவாவ" என்றாள். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் வழக்கம் என்று அவள் பழகிவிட்டாள்.

குழந்தைக்குக் கணினி தராதது ஒரு தவறு. வாங்கி வைத்துப் பூட்டுப் போட்டது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறுக்குப் பணமில்லை என்று காரணம் சொல்லலாம். இரண்டாவது தவறுக்குக் காரணமே கிடையாது.

பணம் செலவழிந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அடுத்து 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பிறகு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினிகள். பாடக் காணொலிகளுக்கு மணற்கேணி செயலி. ஆட்சி மாறியது. விழா மேடை மாறியது. சுவரொட்டியில் இருந்த படம் மாறியது. பூட்டு மட்டும் மாறவில்லை.

இத்தனைக்கும் பிறகு பிள்ளைகள் படிக்கிறார்களா? பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு தமிழக கிராமங்களில் எடுத்த கணக்கு இது. 2018-இல் ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 40.7 விழுக்காடு. 2022-இல் அது 25.2 ஆகச் சரிந்தது. மூன்றாம் வகுப்பில் 4.8. நூறு பிள்ளைகளில் ஐந்து பேர்கூட இல்லை. 2024-இல் ஐந்தாம் வகுப்பின் கணக்கு ஏறியது. ஆனால் 2018-இல் இருந்த இடத்தை எட்டவில்லை. அந்த 2018-ஆம் ஆண்டின் கணக்கே பெருமைப்படத் தக்கதாக இல்லை.

பூட்டுப் போட்டது யார்? தலைமையாசிரியர்தான். ஏன் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நாம் கேட்டோம்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. தெறக்க எனக்கு என்ன கசக்கா? ஒரு மானிட்டர் களவு போச்சுன்னா எஞ் சம்பளத்துலல்லா பிடிப்பாவ" என்றார் அவர்.

அவர் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. பள்ளிகளில் வைத்த மடிக்கணினிகள் திருடு போயின. இழப்பைத் தலைமையாசிரியரிடம் வசூலிக்கப் பார்த்தார்கள். இரவுக் காவலர் இல்லாத பள்ளியில், சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கும் பள்ளியில், களவுக்குப் பொறுப்பு தலைமையாசிரியர் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு எந்தத் தலைமையாசிரியர் கதவைத் திறந்து வைப்பார்?

தவறின் வேர் இங்கேதான் இருக்கிறது. பொருள் தொலைந்தால் கேள்வி உண்டு. பொருள் உடைந்தால் கேள்வி உண்டு. பொருள் பயன்படாமல் மக்கிப்போனால் கேள்வி இல்லை. இருப்புப் பதிவேட்டில் மானிட்டர் பத்து, விசைப்பலகை பத்து, மவுஸ் பத்து என்று வரிசையாக இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்த மவுஸை எத்தனை பிள்ளைகள் எத்தனை மணி நேரம் பிடித்தார்கள் என்று கேட்கும் பதிவேடு நாம் பார்த்த பள்ளியில் இல்லை. இந்த விதியை எழுதியவர்கள் சேரன்மகாதேவியில் இல்லை. சென்னையில், கல்லூரிச் சாலையில், பள்ளிக் கல்வித் துறைத் தலைமை வளாகத்தில் இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

அடுத்தது எமிஸ், பள்ளித் தகவல்களை அரசுக்கு ஏற்றும் இணைய முறை. ஆற்றோரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் காலை ஒன்பதே முக்கால். மூன்றாம் வகுப்பு ஆசிரியை வாசலில் வேப்பமரத்தடியில் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வகுப்புக்குள் டவர் கிடைக்காது. வருகைப் பதிவு ஏறவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். பதிவு ஏறியபோது முதல் பாடவேளையில் பாதி போய்விட்டது.

வருகை மட்டுமா? சீருடை அளவு, உயரம், எடை, காலை உணவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், நூலகப் புத்தகம், வினாடி வினா மதிப்பெண் என எல்லாம் ஏற்ற வேண்டும். பள்ளிக்கு வந்த தொழில்நுட்பத்தில் ஒரு நாளும் தவறாமல் நடந்தாக வேண்டியது இது ஒன்றுதான். இதற்கு மட்டும் காலக்கெடு உண்டு. தவறினால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை உண்டு. அதிகாரிக்குத் தகவல் போகும் கம்பி ஒரு நிமிடம் அறுந்தால் மாவட்டமே பதறுகிறது. குழந்தைக்குப் பாடம் வரும் கம்பியை எலி கடித்துப் பருவம் கழிந்தும் யாரும் பதறவில்லை.

ஆசிரியர்களை இந்தச் சுமையிலிருந்து விடுவிக்கிறோம் என்றார்கள். ஆய்வகங்களுக்கு வெளிமுகமை வழியே, சொற்பச் சம்பளத்தில் ஆட்களைப் போட்டார்கள். கணினி படித்துவிட்டு வந்த இளைஞர்கள் அவர்கள். அவர்களுக்கு ஆசிரியர் என்ற பெயர் இல்லை. பணி நிரந்தரம் இல்லை. எமிஸ் வேலையை அவர்கள் தலையில் கட்டினார்கள். இப்போது பிள்ளைக்குக் கணினி சொல்லித்தர வேண்டியவர், பள்ளியின் பதிவெழுத்தராக உட்கார்ந்திருக்கிறார். கணினி இருக்கிறது. சொல்லித்தர ஆளும் இருக்கிறார். சொல்லித்தருவது மட்டும் நடக்கவில்லை.

நடக்காது. ஏனென்றால் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மதிப்பெண்ணுக்குரிய பாடமாகக் கணினி இல்லை. தேர்வு இல்லை. பாடத்துக்கு ஆசிரியர் பணியிடம் இல்லை. சமச்சீர்க் கல்வியோடு கணினி அறிவியல் பாடநூல் கொண்டுவரப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் அன்று தொடங்கி மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வயது வரம்பே கடந்துவிட்டது. பதில் சொன்ன அமைச்சர் ஒருவரும் இல்லை. இரண்டு கட்சிகளின் ஆட்சிக்கும் இதில் சமப் பங்கு உண்டு.

இப்போது செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் என்று புதிய அறிவிப்புகள் வருகின்றன. வரட்டும். மவுஸைப் பிடித்தறியாத பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரப் போவது யார், எந்த அறையில், எந்தப் பாடவேளையில்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அகத்தியமலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம். நடுவே ஒரே ஒரு மலைதான். அங்கே 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். உரிமக் கட்டணம் மிச்சமானது. ஒவ்வொரு பள்ளியிலும் அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரையே பொறுப்பாளர் ஆக்கினார்கள். கணினியை ஒரு பாடமாக்கித் தேர்வும் வைத்தார்கள். 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்களைத் தொடங்கினார்கள். பள்ளியின் கருவிகளைப் பராமரிப்பதில் அங்கே பிள்ளைகளே கைகொடுக்கிறார்கள். கருவியைப் பிள்ளையிடமிருந்து காப்பது இங்குள்ள முறை. பிள்ளையை நம்பிக் கருவியைக் காப்பது அங்குள்ள முறை. மலையைத் தாண்டிப் போய்ப் பார்த்துவர நமது கல்வித் துறைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது.

வெறும் கருவி எதையும் செய்யாது என்பதும் உலகம் பார்த்த உண்மை. பெரு நாட்டில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது வாசிப்பும் கணக்கும் கூடவில்லை என்று தெரிந்தது. தில்லியில் 2015-இல் வேறு விதமாகச் செய்தார்கள். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்க்காமல், அவனுக்கு எது தெரியுமோ அங்கிருந்து பாடத்தைத் தொடங்கும் மென்பொருள். வாரம் ஆறு நாள். முக்கால் மணி நேரம் கணினி முன்னே, முக்கால் மணி நேரம் ஓர் ஆள் சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லித்தந்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அங்கே பெட்டியோடு பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தார். நாள் தவறாமல் இருந்தார்.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கொரோனா காலத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இழப்பை, தமிழக கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து ஆராய்ந்தார்கள். திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தந்தது. சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சொல்லிக்கொடுத்த பெண்கள் தந்தது. அவர்கள் கையில் ஸ்மார்ட் போர்டு இல்லை.

அதே கொரோனா காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் இணைய வகுப்பும் எல்லாருக்கும் போய்ச் சேர்கின்றன என்று சொன்னார்கள். பாபநாசத்துக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழி. இஞ்சிக்குழிக்குப் போக அணையைப் படகில் கடந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். அங்கே எந்தக் கைபேசிக்கு எந்த வகுப்பு வந்தது? அவர்கள் மலையில் இறங்கும் தண்ணீரில்தான் பாபநாசம் மின்நிலையம் எண்பது ஆண்டுகளாக மின்சாரம் எடுக்கிறது. அந்த மின்சாரம் ஊரெல்லாம் போகிறது. அந்த மக்களின் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு என்று ஆணை போட்டவர்கள், டவர் இல்லாத இடத்துக்கு என்ன செய்வது என்று ஒரு வரி எழுதவில்லை. இணையம் இல்லாமலே ஓடும் பாடத்தை ஒரு மெமரி கார்டில் ஏற்றி அனுப்புவதற்குப் பெரிய நிதி வேண்டாம். அக்கறை வேண்டும். அது இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தாமிரபரணி வெள்ளத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரமே தண்ணீரில் நின்றது. பாடநூல் இழந்த பிள்ளைகளுக்குப் புதிய பாடநூல் கொடுத்தார்கள். அது சரி. நனைந்த கணினிகள் எத்தனை, மாற்றியவை எத்தனை? பள்ளி வாரியாக அந்தக் கணக்கை மக்கள் முன் வையுங்கள். ஆற்றோரப் பள்ளிகளில் தரைமட்டத்து அறையில் இனி ஒரு சர்வரும் இருக்கக் கூடாது.

தில்லிக்கும் இதில் பங்கு உண்டு. ஆய்வகமும் இணையமும் பராமரிப்பும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வருகின்றன. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று சொல்லி, 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டைக்குப் பிள்ளைகளைப் பணயம் வைத்த செயல் அது. அதைக் கண்டிக்கிறோம். ஆனால் நமது பள்ளியில் எலி கடித்த கேபிளுக்கு தில்லி பொறுப்பல்ல. உப்பிய பேட்டரிக்கும் தில்லி பொறுப்பல்ல. அந்த 2,152 கோடியைக் காட்டி இந்தச் சில்லறை வேலைகளைத் தள்ளிப்போட மாநில அரசுக்கு உரிமை இல்லை.

திருநெல்வேலி மாவட்டத்துக்குத் தொழில்நுட்பம் புதியதல்ல. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன. கங்கைகொண்டானில் சூரிய மின்தகடு செய்யும் ஆலை வந்திருக்கிறது. பணகுடிப் பிள்ளைக்கு மகேந்திரகிரி வீட்டு வாசலில் தெரிகிறது. அந்த வாசலுக்குள் போகிற படிப்பு அவன் பள்ளியில் பூட்டிக் கிடக்கிறது. அங்கே வேலைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பிறகு குறைபட்டுப் பயனில்லை.

பாளையங்கோட்டையை மறந்துவிட்டார்கள் என்பது நம்மை மிகவும் வருத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் இந்த ஊரில் பள்ளிகள் எழுந்தன. அரசு ஆணை போட்டு வந்தவை அல்ல. வந்து தங்கிய சில பெண்கள் எடுத்த முயற்சி. பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தாளில் மேடு தட்டிய புள்ளிகள்தான் அன்றைய தொழில்நுட்பம். ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து அந்தப் புள்ளியின் மேல் வைத்தார்கள். விரல் படியும் வரை விடவில்லை. அப்படிப்பட்ட ஊரின் ஆற்றங்கரையில், இன்று நல்ல பார்வையும் பத்து விரலும் உள்ள பிள்ளைகள் விசைப்பலகையைத் தொடாமல் ஒன்பதாம் வகுப்பைக் கடக்கிறார்கள்.

கல்வித் துறைச் செயலரும் திட்ட இயக்குநரும் மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் இதைப் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்களிடம் நேராகவே கேட்கிறோம்.

தலைமையாசிரியரின் சம்பளத்தில் பிடிக்கும் முறையை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்யுங்கள். கருவிகளுக்குக் காப்பீடு எடுங்கள். பள்ளிக்கு இரவுக் காவலர் போடுங்கள். இது நடக்காமல் ஒரு பூட்டும் திறக்காது.

பழுதுக்குக் கெடு வையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் வரவில்லை என்றால் அவர் பணத்தில் பிடியுங்கள். தலைமையாசிரியர் சம்பளத்தில் பிடிக்கத் தெரிந்த அரசுக்கு ஒப்பந்ததாரர் பில்லில் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

ஆய்வகத்தில் இருப்பவரை எமிஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள். அவரை ஆசிரியர் என்று அழையுங்கள். ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் கணினியைப் பாடமாக்குங்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை அட்டவணையில் எழுதுங்கள். எழுதியதை வேறு பாடத்துக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள்.

தமிழ் வாசிக்கத் தடுமாறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் அரை மணி நேரம் ஆசிரியருக்குக் கொடுத்த கையடக்கக் கணினியைக் கொடுங்கள். இன்று அது வருகைப் பதிவுக்குப் போகிறது.

எந்தப் பள்ளியில், எந்த வகுப்பு, எத்தனை மணி நேரம் ஆய்வகத்தைப் பயன்படுத்தியது என்று மாதந்தோறும் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். எத்தனை நாள் பழுது, யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். இணையதளத்தின் மூலையில் போட்டால் போதாது. திங்கள்தோறும் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் கண்ணில் படும் சுவரில் ஒட்டுங்கள். தலைமையாசிரியர் பெயரை அதில் போடாதீர்கள். பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவியைப் போடுங்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் இவை நடக்க வேண்டும். அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் எல்லாப் பாடவேளையும் திருப்புதலுக்கும் மாதிரித் தேர்வுக்கும் போய்விடும். அந்த அறைக்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரே ஆண்டு. அதிலும் ஒரு பருவத்தைச் சர்வர் தின்றுவிட்டது.